மறுத்தார்கள், அழிக்கவில்லை

ஒவ்வோர் ஆண்டும் குரு நானக் ஜயந்தி வரும்போது, சீக்கியர்களின் மறைநூலைப் பற்றி மேடைகளில் ஒரே பாராட்டுதான் ஒலிக்கிறது. இந்துக் கவிஞர்களும் முஸ்லிம் கவிஞர்களும் ஒரே நூலில் இருக்கிறார்கள், சமய நல்லிணக்கத்துக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்கிறார்கள். பாராட்டில் பொய் இல்லை. ஆனால், அந்த ஒரு வாக்கியத்தோடு நூலை மூடி வைத்துவிடுகிறோம். நல்லிணக்கம் என்ற பெயரில் நாம் பெரும்பாலும் செய்வது, வேறுபாடுகளைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது. குரு கிரந்த் சாஹிபைத் தொகுத்தவர் வாய் திறந்தார். தமக்கு உடன்பாடு இல்லாத கவிதையையும் நூலில் சேர்த்தார். அதைக் குருவின் வாக்குக்குச் சமமாக வணங்கத் தக்கதாக்கினார். அதற்கு அடுத்த வரியிலேயே மறுப்பையும் எழுதி வைத்தார். பக்திப் பாடல் தொகுப்புகளில் இப்படி ஒரு முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. இந்த நூலின் பெருமை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

தொகுத்தவர் ஐந்தாம் குரு அர்ஜன். அமிர்தசரஸில் ராம்சர் குளக்கரையில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல, பாய் குர்தாஸ் எழுதினார் என்பது மரபு. 1604-இல் வேலை முடிந்து நூல் பொற்கோயில் எனப்படும் ஹர்மந்திர் சாஹிபில் வைக்கப்பட்டது. பாபா புத்தா அதன் முதல் கிரந்தி, அதாவது நூலை ஓதுபவர். இரண்டே ஆண்டுகளில், 1606-இல், ஜஹாங்கீர் ஆட்சியில் லாகூரில் அர்ஜன் உயிரிழந்தார். சீக்கியர்கள் அவரைத் தங்கள் முதல் தியாகியாகப் போற்றுகிறார்கள். பிறகு பத்தாம் குரு கோவிந்த் சிங், தம் தந்தை தேக் பகதூரின் பாடல்களை நூலில் சேர்த்தார். 1708-இல் நாந்தேடில் தாம் மறைவதற்கு முன், இனி மனிதர் எவரும் குரு இல்லை, இந்த நூலே குரு என்று அறிவித்தார். இன்று அச்சாகும் பிரதிகளில் 1,430 பக்கங்கள். எந்தப் பிரதியைத் திறந்தாலும் ஒரு பாடல் அதே பக்கத்தில்தான் இருக்கும்.

ஆறு குருக்கள், 15 பக்தர்கள், பட்டர்கள் எனப்படும் புகழ்ப்பாடகர்கள், இன்னும் சிலர் பாடியவை இதில் உள்ளன. அந்தப் பதினைவரில் நெசவாளி கபீர் இருக்கிறார். தோல் வேலை செய்த ரவிதாஸ், துணிக்கு அச்சுப் பதித்த நாம்தேவ், நாவிதர் சைன், இறைச்சி வெட்டிய சத்னா, உழவர் தன்னா, அரசைத் துறந்த பீபா, பாக்பட்டனில் வாழ்ந்த சூஃபி ஷேக் ஃபரீத் இருக்கிறார்கள். குருத்வாராவில் நூலின் முன் நெற்றி தரையில் பட வணங்கும் ஒருவர், நானக்கை மட்டும் வணங்கிவிட்டு ரவிதாஸை விட்டுவிட முடியாது.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நூலில் பாடிய குருக்கள் அறுவரும் பாட்டுக்குள் ‘நானக்’ என்றே முத்திரை வைத்தார்கள். பாடியவர் யார் என்பதைத் தலைப்பில் உள்ள எண்தான் காட்டும். மஹலா 1 என்றால் முதல் குரு, மஹலா 3 என்றால் மூன்றாம் குரு. மொழிபெயர்ப்புகளில் இந்தத் தலைப்புகளைத் தாண்டிச் சென்றுவிடுவது எளிது. தாண்டிவிட்டால் நான் சொல்ல வருவது எதுவும் கண்ணில் படாது.

ஃபரீதின் எட்டுப் பக்கங்கள்

1377-ஆம் பக்கத்தில் ஷேக் ஃபரீதின் சலோக்குகள் தொடங்குகின்றன. சலோக் என்பது பெரும்பாலும் ஈரடி. பஞ்சாபியில் கிடைக்கும் மிகப் பழைய கவிதைகள் இவை. ஆற்றங்கரையில் நிற்கும் மரம், நீர்க்கரையில் விளையாடிக்கொண்டிருக்கும் கொக்கின்மீது திடீரென்று பாயும் வல்லூறு, காய்ந்த ரொட்டி, கல்லறை மண், நரைத்த தாடி என்று கண்முன் நிற்கும் காட்சிகளால் ஆனவை. மரணத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடிய கவிஞர் இந்திய மொழிகளில் குறைவு.

மொத்தம் 130 சலோக். அவற்றில் 112 ஃபரீதுடையவை. மற்ற 18 குருக்களுடையவை: நானக் 4, அமர்தாஸ் 5, ராம்தாஸ் 1, அர்ஜன் 8. இந்தப் பதினெட்டையும் கடைசியில் பின்னிணைப்பாக வைக்கவில்லை. எந்தச் சலோக்குக்குப் பதிலோ அதன் அருகிலேயே வைத்தார்கள். ஃபரீதின் வரிசை எண்ணிலேயே எண்ணினார்கள்.

12, 13 ஆகிய இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தலைமுடி கறுத்திருக்கும் வயதில் இறைவனை நேசிக்காதவர்கள் நரைத்த பிறகு நேசிப்பது அரிது, காலம் கடக்குமுன் மனத்தைத் திருப்பு என்று எச்சரிக்கிறார் ஃபரீத். அடுத்து வருவது மஹலா 3, அதாவது குரு அமர்தாஸ். அவர் இதை ஏற்கவில்லை. முடி கறுப்போ நரையோ, ஆண்டவன் எப்போதும் இருக்கிறான்; நேசம் நம் முயற்சியால் வருவதில்லை, அவன் கொடுத்தால் வருவது என்கிறார். அமர்தாஸின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தப் பதிலின் கனம் புரியும். அவர் இரண்டாம் குரு அங்கதிடம் வந்து சேர்ந்தபோது வயது அறுபதை ஒட்டி இருந்தது. குருவாகப் பொறுப்பேற்றது 1552-இல், 73-ஆம் வயதில். நரைத்த பிறகு வருவது அரிது என்ற வரியை, நரைத்த பிறகு வந்த ஒருவர் தம் வாழ்க்கையை வைத்தே மறுத்திருக்கிறார்.

103-இல் ஃபரீத் பட்டாடையைக் கிழித்தெறிந்து கம்பளி போர்த்துக்கொள்வேன் என்கிறார். எந்தக் கோலம் பூண்டால் அவன் கிடைப்பானோ அந்தக் கோலத்தைப் பூணத் தயார். துறவியின் தவிப்பு அது. இதற்கும் அமர்தாஸே பதில் சொல்கிறார்: ஏன் பட்டைக் கிழிக்கிறாய், மனம் நேரானால் வீட்டில் இருந்தபடியே அவன் கிடைப்பான். இல்லறத்தை விடாமல் இறைவனை அடைவது என்ற சீக்கிய நெறி முழுவதும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

இன்னும் கூர்மையானது 119. உடல் அடுப்பாக எரியட்டும், எலும்பு விறகாகட்டும், கால் ஓய்ந்தால் தலையால் நடப்பேன் என்ற பொருளில் போகிறது அது. கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கிக் கடுந்தவம் செய்தவர் ஃபரீத் என்று சூஃபி மரபு சொல்கிறது. அப்படிப்பட்டவரிடம் நானக் கேட்கிறார்: தலையும் காலும் என்ன குற்றம் செய்தன? உடலை ஏன் வாட்டுகிறாய், காதலன் உனக்குள்ளேயே இருக்கிறானே. ஃபரீத் மறைந்தது 1266 வாக்கில். நானக் பிறந்தது 1469-இல். இரு நூற்றாண்டு இடைவெளியைத் தாண்டி ஒரு கேள்வி வந்து நிற்கிறது. அது வந்து நின்ற பிறகும் ஃபரீதின் தவிப்பு அப்படியே முழு வலிமையோடு மேலே இருக்கிறது. எனக்கு அந்தத் தவிப்பும் வேண்டும், இந்தக் கேள்வியும் வேண்டும். நூல் இரண்டையும் தருகிறது.

எல்லாமே மறுப்பு இல்லை. துயரம் எனக்கு மட்டும் என்று நினைத்தேன், உயர ஏறிப் பார்த்தால் வீட்டுக்கு வீடு இதே நெருப்பு என்று ஃபரீத் பாடும் இடத்தில், அர்ஜன் ஒரு வரியைச் சேர்க்கிறார். பூமி அழகானதுதான், அதற்குள் முள்தோட்டமும் இருக்கிறது, பீரின் அருள் பெற்றவரை முள் தைக்காது என்கிறார். சூஃபிகள் தங்கள் ஞானாசிரியரை அழைக்கும் சொல்லையே அவர் இங்கே எடுத்தாள்கிறார். ஃபரீதோடு பேசும்போது ஃபரீதின் மொழியில் பேசுகிறார்.

அர்ஜனுக்கு வேறு எளிய வழிகள் இருந்தன. ஒப்பாத சலோக்கை விட்டுவிட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லை மாற்றி எழுதியிருக்கலாம். வாய்மொழியாகப் பரவிய பாடல்களில் அது அன்றாடம் நடப்பதுதான். அவர் பாடலையும் கைவிடவில்லை, தம் கருத்தையும் மறைக்கவில்லை. ஒரு பதிப்பாசிரியர் இன்னொருவரின் எழுத்துக்குக் காட்டக்கூடிய மரியாதையின் உச்சம் இது.

கபீரின் சலோக்குகளிலும் இந்த உரையாடல் தொடர்கிறது. 212, 213 இரண்டும் திரிலோசனும் நாம்தேவும் பேசிக்கொள்வது. எப்போது பார்த்தாலும் துணிக்கு அச்சுப் பதித்துக்கொண்டிருக்கிறாயே, ராமனிடம் மனம் வைக்கக் கூடாதா என்று திரிலோசன் நண்பனைக் கேட்கிறார். வாய் ராமனைச் சொல்லட்டும், கையும் காலும் வேலையைச் செய்யட்டும், மனம் அவனிடம் இருக்கட்டும் என்று நாம்தேவ் பதில் தருகிறார். மராட்டியத்தில் வாழ்ந்த இருவரின் பேச்சைக் காசியில் வாழ்ந்தவர் பாடினார். அமிர்தசரஸில் எழுதி வைத்தார்கள். சூர்தாஸ் பெயரிலோ நூலில் இருப்பது ஒற்றை வரி. 1253-ஆம் பக்கம், சாரங் ராகம். ஹரியைப் புறக்கணித்தவர்களின் சேர்க்கையை விடு என்று சொல்லும் அந்த வரியோடு சூர்தாஸ் நின்றுவிடுகிறார். அந்தப் பாட்டின் மீதி வட இந்தியாவில் பரவலாகத் தெரிந்த ஒன்று. கெட்டவனைத் திருத்தவே முடியாது என்று உவமைகளை அடுக்கிப் போவது. அது இங்கே இல்லை. அடுத்து அர்ஜனே சூர்தாஸ் பெயரைத் தலைப்பில் வைத்து, ஹரியோடு இருப்பவர்களின் நிறைவைப் பற்றி ஒரு முழுப் பாடல் பாடுகிறார். காரணம் எதுவும் எழுதி வைக்கவில்லை. திருந்தவே மாட்டான் என்று எந்த மனிதனையும் தள்ளிவைக்க அவர் விரும்பவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

ராகமே வரிசை

இந்த நூல் ஆசிரியர் வரிசையிலோ பொருள் வரிசையிலோ இல்லை. தினசரி வழிபாட்டுப் பாடல்களுக்கான முதல் 13 பக்கங்களுக்குப் பிறகு, 1353-ஆம் பக்கம் வரை எல்லாமே ராக வரிசை. சிரீ ராகத்தில் தொடங்கி ஜைஜாவந்தியில் முடியும் 31 ராகங்கள். ஒவ்வொரு ராகத்திலும் முதலில் குருக்கள், பிறகு பக்தர்கள். தேவாரத்தைப் பண்முறையில் வகுத்துப் பாடிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஐரோப்பியர் ஒருவருக்குப் பிடிபடவில்லை. 1877-இல் இந்நூலின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜெர்மானியர் எர்னஸ்ட் டிரம்ப், தொடர்பற்றது, சலிப்பூட்டுவது என்று எழுதி சீக்கியர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். பாடுவதற்கான நூலைத் தத்துவப் பாடநூலாக எண்ணிப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் சலிப்புதான் வரும். 1909-இல் ஆறு தொகுதிகளாக வெளிவந்த மெக்காலிஃபின் ஆங்கில நூல்தான் அந்தக் காயத்தை ஓரளவு ஆற்றியது.

எப்படிப் பாட வேண்டும் என்ற குறிப்புகள் பாடல்களின் தலையிலேயே இருக்கின்றன. ‘ரஹாவ்’ என்று குறித்த வரி பல்லவிபோல மீண்டும் மீண்டும் வரும். பாட்டின் உயிர் அதில்தான். ‘வார்’ எனப்படும் நெடும்பாடல்கள் 22. அவற்றில் ஒன்பதுக்கு, மக்கள் ஏற்கெனவே பாடிவந்த வீரக்கதைப் பாடல்களின் மெட்டுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதிகாலையில் குருத்வாராக்களில் ஒலிக்கும் ஆசா தீ வாருக்குச் சொல்லப்பட்ட மெட்டு, கை வெட்டப்பட்ட அஸ்ராஜ் என்ற அரசனின் கதைப்பாட்டுடையது. ஊர்த் திண்ணையில் டோலக் தட்டிப் பாடிய மெட்டில் ஆண்டவனைப் பாடச் சொன்னார்கள். பெண்கள் இழவு வீட்டில் பாடும் ஒப்பாரி வடிவம், கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையேறும்போது பாடும் பாட்டு, ஒட்டகம் ஓட்டுபவர் பாட்டு, 12 மாதப் பாட்டு எல்லாம் உள்ளே வந்தன. நானக்கோடு ஊர் ஊராக நடந்து ரபாப் வாசித்த மர்தானா முஸ்லிம். அவர் வழியில் வந்த ரபாபிகள் என்ற முஸ்லிம் பாடகர்கள் 1947 வரை அமிர்தசரஸ் பொற்கோயிலில் பாடினார்கள். பிரிவினை அவர்களை எல்லைக்கு அப்பால் தள்ளியது. அந்த இழப்பு இன்றுவரை ஈடாகவில்லை.

ராக வரிசையால் நேரும் ஓர் அற்புதத்தைத் தனாசரி ராகத்தில் பார்க்கலாம். 663-ஆம் பக்கத்தில் நானக்கின் ஆரத்திப் பாடல் இருக்கிறது. பூரி ஜகன்னாதர் கோயிலில் பாடினார் என்பது மரபு. வானமே தட்டு, சூரிய சந்திரரே விளக்கு, நட்சத்திரங்களே முத்து என்று பிரபஞ்சம் முழுவதையும் ஒரு வழிபாடாகக் காணும் பாடல் அது. இதே ராகத்தின் கடைசியில், 695-ஆம் பக்கத்தில், தன்னாவின் ஆரத்தி வருகிறது. தன்னா உழவர். அவர் இறைவனிடம் கேட்கும் பட்டியலில் பருப்பு, மாவு, நெய், செருப்பு, நல்ல தானியம், பால் தரும் பசுவும் எருமையும், ஒரு நல்ல குதிரை, வீட்டைக் காக்கும் மனைவி எல்லாம் இருக்கின்றன. நட்சத்திரங்களை முத்தாகக் கண்டவரும் காலுக்குச் செருப்பு கேட்டவரும் ஒரே ராகத்தில் அமர்ந்திருக்கிறார்கள். தன்னாவின் பாட்டு தாழ்ந்தது என்று தொகுத்தவர் நினைக்கவில்லை.

கபீர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சோரட் ராகத்தில் அவர் கடவுளிடம் கணக்காகவே பேசுகிறார். பசித்த வயிற்றோடு பக்தி செய்ய முடியாது, இந்தா உன் ஜபமாலை என்று திருப்பிக் கொடுக்கிறார். இரண்டு சேர் மாவு, கால் சேர் நெய், கொஞ்சம் உப்பு, அரை சேர் பருப்பு. படுக்க நாலு கால் கட்டில், தலையணை, மெத்தை, போர்வை. இவை கிடைத்தால் உன்னை நிம்மதியாகப் பாடுவேன் என்கிறார். பேராசை எதுவும் இல்லை, நெசவாளியின் ஒரு நாள் தேவை மட்டும். பக்தி என்றால் வயிற்றை மறப்பது என்று கற்றுக்கொடுத்தவர்களுக்கு, மறைநூலின் உள்ளிருந்தே வரும் பதில் இது.

வாதம் கடவுளோடும் நடக்கிறது. பாபரின் படை பஞ்சாபில் நுழைந்து சையத்பூரைச் சூறையாடிய காலத்தில் நானக் பாடிய நான்கு பாடல்கள் நூலில் உள்ளன. மூன்று ஆசா ராகத்தில், ஒன்று திலங்கில். அலங்கரித்த கூந்தல் கத்தரிக்கப்பட்டு, கழுத்தில் கயிறு கட்டி இழுத்துச் செல்லப்பட்ட பெண்களைப் பற்றி அவர் பாடுகிறார். மந்திரம் ஓதியும் படையைத் தடுக்க முடியாத பீர்களைப் பற்றிப் பாடுகிறார். கடைசியில் படைத்தவனையே கேட்கிறார்: இவ்வளவு அழுகை எழுந்ததே, உனக்கு வலிக்கவில்லையா? வலியவன் வலியவனை அடித்தால் மனம் பொறுக்கும். பசுக் கூட்டத்தில் சிங்கம் புகுந்தால் மேய்ப்பவன்தானே பதில் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பிறகும் அவர் பக்தராகவே இருக்கிறார். கேள்வியைக் கேட்ட வாயாலேயே பாடவும் செய்கிறார்.

இல்லாதவர்கள்

எல்லோரையும் சேர்த்துக்கொண்ட நூல் என்று சொல்வதும் சரியாகாது. அர்ஜனிடம் ஓர் அளவுகோல் இருந்தது. லாகூரிலிருந்து நான்கு கவிஞர்கள் தங்கள் பாடல்களோடு வந்ததாகவும், நானே அது என்று அகந்தையோடு பாடியதையும் பெண்ணை இழித்துப் பாடியதையும் அவர் ஏற்கவில்லை என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. ஜலந்தர் அருகே கர்தார்பூரில் பாதுகாக்கப்படும் பழஞ்சுவடியில் மீராவின் பாடல் ஒன்று எழுதப்பட்டு, பின்னர் கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. இந்த நூலில் எனக்குள்ள பெரிய மனக்குறை அதுதான். குருக்கள் எத்தனையோ பாடல்களில் மணப்பெண்ணாக, கணவனைப் பிரிந்து தவிக்கும் மனைவியாக நின்று பேசுகிறார்கள். அரசர்களைப் பெற்றவளை எப்படி இழிவாகப் பேசுவாய் என்று ஆசா தீ வாரில் நானக் கேட்கும் கேள்வி அந்த நூற்றாண்டில் மிக அரிது. ஆனால், ஒரு பெண்ணே பாடிய பாடல் 1,430 பக்கத்தில் ஒன்றும் இல்லை. மறுப்பைக்கூட அருகில் வைத்துக் காத்த நூலில், மீராவின் பாட்டுக்கும் ஓர் இடமும், வேண்டுமானால் அதற்கு ஒரு பதிலும் இருந்திருக்கலாம்.

இன்னொரு குறை நூலுடையதல்ல, அதை வணங்குபவர்களுடையது. ரவிதாஸ் பாடிய பாடல்களின் முன் சீக்கியர் எல்லோரும் மண்டியிடுகிறார்கள். அதே பஞ்சாபில் பல கிராமங்களில் தலித்துகளுக்குத் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்த மாநிலத்தில் பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 32 சதவீதம். நாட்டிலேயே இதுதான் மிக உயர்ந்த விகிதம். 2009 மே மாதம் வியன்னாவில் ரவிதாஸ் வழிபாட்டிடம் ஒன்றில் நடந்த தாக்குதலில், தேரா சச்கண்ட் பல்லான் என்ற அமைப்பைச் சேர்ந்த சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார். அதன் பிறகு 2010 ஜனவரியில், ரவிதாஸைப் பின்பற்றும் ரவிதாசியாக்களில் ஒரு பிரிவினர், தாங்கள் தனிச் சமயம் என்று காசியில் அறிவித்தார்கள். ரவிதாஸின் பாடல்களை மட்டும் கொண்ட ‘அம்ரித்பாணி’யைத் தங்கள் மறைநூலாக வைத்தார்கள். அவர்கள் எடுத்துச் சென்றவற்றில் கிரந்தத்தில் இருந்த ரவிதாஸ் பாடல்கள் அத்தனையும் அடக்கம். 1604-இல் ஒன்றாகக் கட்டிய ஏடு 2010-இல் பிரிந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டுக்குக் கிடைத்த இடம், அந்தப் பாட்டைப் பாடியவரின் சாதி மக்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் அதற்கு மேலும் எத்தனை தலைமுறை காத்திருக்க முடியும்?

தமிழில் இவர்களை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த கபீரில் பெரும்பகுதி, 1915-இல் தாகூர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூறு பாடல்கள் வழியாக வந்தது. அவற்றில் மிகச் சிலவே பழைய சுவடிகளில் கிடைக்கின்றன என்பது ஆய்வாளர்கள் முடிவு. கபீரின் பாடல்களுக்குக் காலம் உறுதியான, மிகப் பழைய பெருந்தொகுப்புகளில் ஒன்று கிரந்தம். மாவும் நெய்யும் கேட்கும் கபீரைத் தாகூரின் தொகுப்பில் தேடினால் கிடைக்க மாட்டார். கபீரின் குரு என்று மரபு சொல்லும் ராமானந்தரின் பாடல் ஒன்றும் நூலில் உண்டு. சந்தனம் அரைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டவர், குரு காட்டிய பிறகு தெய்வத்தை மனத்திலேயே கண்ட கதை அது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரின் வழியில் வந்தவர் அவர் என்பது பழைய மரபு, வரலாற்றாசிரியர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தையும் மதித்தே அந்தப் பாட்டைப் படிக்கலாம். நாலு வரி மேற்கோளுக்காக இவர்களைப் பிய்த்தெடுப்பதுதான் கூடாது. இந்த நூலில் ஒரு பாட்டுக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்பதில்தான் பாதிப் பொருள்.

ஆகவே, மொழிபெயர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஃபரீதை மட்டும் தனியே எடுத்து ஒரு சிறு நூலாக்காதீர்கள். மஹலா எண்களையும், ராகப் பெயரையும், ரஹாவ் வரியையும், குருக்களின் பதில்களையும் அப்படியே வைத்துத் தமிழில் தாருங்கள். வாசகர்களுக்கு ஒன்று. சென்னை தியாகராய நகர் குருத்வாராவுக்குள் யார் வேண்டுமானாலும் தலையை மூடிக்கொண்டு நுழைந்து உட்காரலாம்; பாட்டைக் கேட்டுவிட்டுச் சாப்பிட்டும் வரலாம். நூலை வாசிக்கத் தொடங்குபவர்கள் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. 1377-இலிருந்து 1384 வரை படியுங்கள். தலைப்பில் உள்ள எண்களைத் தாண்டிவிடாதீர்கள்.

- கட்டுரையாளர், இந்திய பக்தி இலக்கியங்களை ஒப்பிட்டு ஆராய்பவர்.